ஸ்பேனியல் நல்ல நாய்தான்... நம்ம வீடு?



அரசியல், சினிமா, கிரிக்கெட், பரீட்சை பயம் எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. இந்த முறை நாய். அதிலும் ஸ்பேனியல். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது வெட்டிப் பேச்சு இல்லை.

எங்கள் வகுப்பில் இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் வீட்டில் "நாய் வாங்கலாமா?" என்ற பேச்சு ஓடுகிறது. மூன்று வீட்டிலும் யாராவது ஒருவர் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். மூன்று வீட்டிலும் கடைசியில் வந்து நிற்கும் பெயர் காக்கர் ஸ்பேனியல். நீளமான காது, பெரிய கண், எப்போதும் ஆடும் வால். கேட்டால், "அது ஃபேமிலி டாக்டா, குழந்தைகளோட நல்லா பழகும்" என்கிறார்கள்.

உண்மைதான். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பாதி உண்மை. குடும்ப நாய்க்கு முதலில் வேண்டியது குடும்பம். அந்தக் குடும்பம் வீட்டில் இருக்கவும் வேண்டும். என் வாதம் முழுக்க இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

ஸ்பேனியலுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது?

'ஸ்பேனியல்' என்ற பெயர் ஸ்பெயின் நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் இன்று நாம் பார்க்கும் வகைகள் பெரும்பாலும் இங்கிலாந்தில் உருவானவை. இவை காவல் காக்க வளர்த்த நாய்கள் இல்லை. பறவை வேட்டைக்கு வளர்த்தவை. புதருக்குள் புகுந்து மோப்பம் பிடித்துப் பறவையைக் கிளப்பிவிட வேண்டும். வேட்டைக்காரர் சுட்டதும், விழுந்த பறவையை நசுக்காமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்க வேண்டும். 'காக்கர்' என்ற பெயரே உட்காக் என்ற பறவையை வேட்டையாடியதால் வந்தது.

இந்த வேலைக்கு எப்படிப்பட்ட நாய் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி எட்டும் தூரத்தைத் தாண்டி ஓடக் கூடாது. நிமிஷத்துக்கு ஒரு முறை திரும்பி எஜமானைப் பார்க்க வேண்டும். கிடைத்ததைத் தானே தின்னாமல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் வேறு நாயோடும் வேறு மனிதர்களோடும் சண்டை போடக் கூடாது. பல தலைமுறைகளாக இந்தக் குணங்கள் உள்ள நாய்களையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். மனிதனை விட்டு விலகாத, மென்மையாகக் கவ்வுகிற, முகம் பார்த்துப் பழகுகிற ஒரு நாய் அப்படித்தான் கிடைத்தது.

இப்போது வேட்டை போய்விட்டது. குணம் மட்டும் இருக்கிறது. வீட்டில் நீங்கள் சமையலறைக்குப் போனால் அதுவும் வரும். மொட்டை மாடிக்குப் போனால் அதுவும் வரும். பாத்ரூம் கதவுக்கு வெளியே காவல் வேறு. :-)

அளவும் வசதி. காக்கர் சுமார் 12 முதல் 15 கிலோ, உயரம் ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் மேலே. பத்து வயசுப் பிள்ளைகூட (பெரியவர்கள் கூட இருந்தால்) சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் 20 கிலோவைத் தாண்டும், அதற்கு ஓட இடமும் நிறைய வேண்டும். கவலியர் என்பது மடியில் உட்காரும் சின்ன ரகம். நம் ஊரில் 'ஸ்பேனியல்' என்றால் பெரும்பாலும் காக்கர்தான். அதனால் நான் பேசுவதும் அதைப் பற்றித்தான்.

"திருடன் வந்தா கடிக்குமா?" என்று கேட்கும் மாமாக்களுக்கு ஒரு பதில். கடிக்காது. குரைக்கும், அப்புறம் வாலை ஆட்டும். காவலுக்கு நாய் தேடுகிறவர்கள் ஸ்பேனியலை விட்டுவிடுங்கள். ஆனால் குழந்தைகளும், பக்கத்து வீட்டுப் பாட்டியும், கூரியர்காரரும், கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் வந்து போகும் வீட்டில், யாரைப் பார்த்தாலும் பாயாத நாய் இருப்பது குறையா, நிறையா? என்னைக் கேட்டால் நிறை.

புகழ் வந்தால் கேடும் வரும்

அமெரிக்காவில் 1940களில் அதிகம் பேர் வளர்த்த நாய் இனம் காக்கர் ஸ்பேனியல். 1952 செப்டம்பரில், துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ரிச்சர்ட் நிக்சன் மீது பணப் புகார் வந்தபோது, டிவியில் தோன்றி விளக்கம் சொன்னார். ஆதரவாளர் ஒருவர் தன் பிள்ளைகளுக்குப் பரிசாக அனுப்பிய செக்கர்ஸ் என்ற காக்கர் நாயை மட்டும் திருப்பித் தர மாட்டேன் என்றார். அந்தப் பேச்சு இன்றும் 'செக்கர்ஸ் பேச்சு' என்றுதான் அறியப்படுகிறது. ஒரு அரசியல்வாதியையே காப்பாற்றிய நாய்!

ஆனால் அந்தப் புகழே அந்த இனத்துக்கு வினையாகிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் குட்டி விற்க வேண்டும் என்று குணமும் ஆரோக்கியமும் பார்க்காமல் இனப்பெருக்கம் செய்தார்கள். பயந்த, எரிச்சலான, தொட்டால் கடிக்கிற காக்கர்களும் அதனால் வந்தன. கவலியர் கதை இதைவிட மோசம். இதய வால்வு நோயும், மண்டை ஓட்டுக்குள் மூளைக்கு இடம் போதாமல் வரும் வலியும் அந்த இனத்தில் அதிகம். நார்வேயில் 2022இல் ஆஸ்லோ நீதிமன்றம், கவலியர்களை அப்போது இருந்த முறையில் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கவலியர் விஷயத்தில் அதை உறுதி செய்தது.

நமக்கு இது புதுசு இல்லை. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஒரு பக் நாய் நடந்து போனது. உடனே ஊரெல்லாம் பக். அதன் பிறகு ஹஸ்கி. பனியில் வண்டி இழுக்கும் நாயை மே மாச வெயிலில் கட்டிப் போட்டோம். அடுத்த அலை ஸ்பேனியலாக இருந்துவிடக் கூடாதே என்பது என் கவலை.

இங்கே கடிகாரம் வேற

இனி நம்ம ஏரியாவுக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறந்தது. டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ் என்று வரிசையாக வந்தன. ஏரியும் வயலுமாக இருந்த இடம் இருபத்தைந்து வருஷத்துக்குள் மூன்று ஷிப்ட் ஊராகிவிட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பையே அரசு திறந்தது என்றால், இங்கே எத்தனை பேர் வேலைக்காக வந்து வாழ்கிறார்கள் என்று பாருங்கள்.

விடுதியில் இருப்பவர்கள் நாய் வளர்க்க முடியாது. நான் பேசுவது படப்பை, மாத்தூர், வல்லக்கோட்டை, பெரும்புதூர் என்று வாடகைக்கோ சொந்தமாகவோ வீடு பிடித்துக் குடியேறிய குடும்பங்களைப் பற்றி. அங்கே ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே முனையில் கம்பெனி பஸ். எட்டு மணி நேர ஷிப்ட். போக வர இரண்டு, மூன்று மணி நேரம். ஓவர்டைம் இருந்தால் அது தனி. அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால், பிள்ளைகள் ஸ்கூல் முடிந்து டியூஷன் போய் வரும்வரை வீட்டில் பூட்டு.

நாயை ஒரே நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடாதீர்கள் என்பது இங்கிலாந்து விலங்கு நல அமைப்புகள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. நம் பூட்டிய வீட்டில் அது பத்து மணி நேரம். அதிலும் மாட்டுவது, மனிதனை விட்டு விலகாதே என்று சொல்லிச் சொல்லி உருவாக்கிய ஒரு இனம்! எந்தக் குணத்துக்காக அதை வாங்கினோமோ, அந்தக் குணமே அதற்குத் தண்டனையாகிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளைச் சொல்கிறேன். முதல் வீட்டில் அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பெண்ணின் பிறந்தநாளுக்குக் காக்கர் குட்டி வந்தது. பகலெல்லாம் பால்கனி. மூன்றாவது மாசம் ஊளையிட ஆரம்பித்தது. தன் காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், வீட்டு ஓனர் எச்சரித்தார். கடைசியில் செங்கல்பட்டு பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கெட்டவர்கள் இல்லை, அன்பானவர்கள்தான். அந்தப் பெண் ஒரு வாரம் சாப்பிடவில்லை.

இரண்டாவது வீடு அதைவிடச் சின்னது. ஒற்றைப் படுக்கையறை. ஆனால் அங்கே பாட்டி இருக்கிறார். அம்மா வீட்டிலேயே தையல். அப்பாவுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு ஷிப்ட். அந்த வீட்டில் எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் யாராவது இருப்பார்கள். தையல் மெஷின் காலடியில்தான் நாய் படுத்திருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து அப்பா காலையில் வந்ததும் முதல் வாக்கிங். பாட்டி முதலில் "நாயைக் குளிப்பாட்டி நடு வீட்ல வச்சா..." என்று பழமொழி சொன்னவர்தான். இப்போது அவரே குளிப்பாட்டி, துவட்டி, நடு வீட்டில் உட்கார வைத்துச் சீப்பு போடுகிறார். :-)

இரண்டு வீட்டிலும் ஒரே இனம். வசதி அதிகம் முதல் வீட்டில். வீட்டில் ஆள் இருந்தது இரண்டாவது வீட்டில். ஷிப்ட் வேலை நாய்க்கு எதிரி என்று நான் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆளுக்கொரு நேரத்தில் வீட்டில் இருக்கும் குடும்பத்தில் ஷிப்டே நாய்க்கு வரம்.

அதனால் நாய் வாங்கும் முன் ஒரு காகிதத்தை எடுத்து 24 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் வீட்டில் யார் இருப்பார்கள் என்று பெயர் எழுதுங்கள். ஷிப்ட் மாறும் வாரத்துக்குத் தனியாக ஒன்று. தொடர்ந்து ஐந்து கட்டம் காலியாக இருந்தால், ஸ்பேனியல் ஆசையை இப்போதைக்கு மடித்து வையுங்கள். வீட்டில் உண்மையிலேயே யாராவது இருக்கும் நிலை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெயில், காது, உண்ணி

ஆள் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி ஊர். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் அதுவும் சரியாக வேலை செய்யாது. கத்திரி வெயிலில் காலை ஆறரை மணிக்குள் நடையை முடியுங்கள். மறுபடி இருட்டிய பிறகுதான். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில நொடிகள்கூடத் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. இன்னொன்று, கன்டெய்னர் லாரி ஓடும் சிங்கப்பெருமாள் கோயில் ரோடும், வாலாஜாபாத் ரோடும் வாக்கிங் போகிற இடம் இல்லை. ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாலும் சங்கிலியை விடாதீர்கள். ஒரு கொக்கைப் பார்த்தால் போதும், அதன் முன்னோர் வேலை ஞாபகம் வந்துவிடும்.

அடுத்தது காது. நாயின் காதுக் குழாய் வளைந்து உள்ளே போகிறது. அதன் மேல் கனமான மூடி போலத் தொங்கும் காது. காற்று புகாது, ஈரம் காயாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது விருந்து வீடு. வாரம் ஒரு முறை தூக்கிப் பார்த்து முகர்ந்து பாருங்கள். நாற்றம், சிவப்பு, தலையை உதறுவது என்று எது இருந்தாலும் டாக்டர். பட்ஸ் விட்டு நோண்டாதீர்கள். குளித்ததும் காதைத் துவட்டுவது கட்டாயம். நாலு நாளைக்கு ஒரு முறையாவது சீப்பு போடாவிட்டால் முடி சடையாகிவிடும்.

மழை முடிந்ததும் உண்ணி. அது பரப்பும் காய்ச்சல் நாயைக் கொல்லக்கூடியது. சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலோ ஈறு வெளுத்தாலோ ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடங்கி, டாக்டர் சொல்லும் கணக்கில் தவறாமல் போட வேண்டும். தண்ணீர் தேங்கும் ஏரியாவில் எலிக் காய்ச்சல் தடுப்பூசியும் கேட்டுப் போடுங்கள். பெரிய சிகிச்சை என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. ஆனால் இங்கிருந்து அங்கே போய் வர ஒரு நாள் லீவு போட வேண்டும். அந்த லீவு யார் போடுவார்கள் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. காக்கர் எவ்வளவு கொடுத்தாலும் தின்னும், சீக்கிரம் குண்டாகும். பாவமாகப் பார்க்கிறதே என்று நம் தட்டிலிருந்து போடாதீர்கள். குழம்பில் இருக்கும் வெங்காயம், பாயசத்தில் இருக்கும் திராட்சை, சாக்லேட் மூன்றுமே நாய்க்கு விஷம்.

"அப்போ நாட்டு நாய் வளர்க்கக் கூடாதா?"

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும் என்று தெரியும். நல்ல கேள்வியும்கூட. 2005இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட தபால் தலைகளில் ராஜபாளையமும் இருந்தது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் ஓட்டமும் வேட்டையும் உள்ள நாய்கள். சிப்பிப்பாறையை இரண்டாவது மாடி பால்கனியில் அடைப்பது அதற்குச் செய்யும் துரோகம். தோட்டம், வேலி, ஓட இடம் உள்ளவர்கள் தாராளமாக வளர்க்கட்டும்.

தெருவில் பிறந்த குட்டியைத் தத்தெடுப்பது இன்னும் நல்லது. இந்த வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகிய உடம்பு, காதுத் தொல்லை குறைவு, காசும் இல்லை. அதைச் செய்யும் வீட்டைப் பார்த்தால் நான் கும்பிடுவேன். ஆனால் அதற்கும் 24 கட்டக் கணக்கு உண்டு. நாட்டு நாய் என்றால் தனிமை வலிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்படியானால் ஸ்பேனியல் யாருக்கு? சின்ன வீடு, சின்னப் பிள்ளைகள், எந்நேரமும் வீட்டில் ஒரு ஆள், வாரம் ஒரு மணி நேரம் சீப்புக்கும் காதுக்கும் ஒதுக்கப் பொறுமை. இவை நான்கும் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இன நாயை என்னால் சொல்ல முடியவில்லை.

வாங்குவதாக முடிவு செய்தால் அவசரப்படாதீர்கள். 2017இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவைக் காட்டச் சொல்லுங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயைத் தொட்டுப் பாருங்கள். அது உறுமினாலோ பயந்து ஒதுங்கினாலோ திரும்பி வந்துவிடுங்கள். ரோட்டோரத்தில் காரில் வைத்துக் கை மாற்றுகிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். வாடகை வீடு என்றால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஓனரிடம் நாயைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன் தெரியுமா? கார் மாடல் பிடிக்கவில்லை என்றால் விற்கலாம், நாய் அப்படி இல்லை. காக்கர் 12, 14 வருஷம் வாழும். இந்த ஏரியாவில் 12 வருஷம் ஒரே வேலையில், ஒரே வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்? 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் வந்த நோக்கியா ஆலையே 2014இல் மூடப்பட்டது. அந்த வருஷம் வாங்கிய குட்டிக்கு அப்போது எட்டு வயசுதான் ஆகியிருக்கும். டிரான்ஸ்பர் வரும், கான்ட்ராக்ட் முடியும், வீடு மாறும். அப்போது ரோட்டில் இறக்கிவிடப்படும் ஸ்பேனியலுக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. அது லாரிக்கு ஒதுங்காது, குப்பையைக் கிளறத் தெரியாது, வருகிறவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நிற்கும்.

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. ஒரு பிளேட் பிரியாணி விலைகூட இல்லை. சட்டம் தடுக்காது என்பதால் நாம்தான் வாங்கும் முன்பே நம்மைத் தடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மூன்று நண்பர்களுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஒருத்தன் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, "மச்சி, எங்க வீட்ல காலைல ஒன்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் சாமி படம்தான்டா இருக்கு" என்றான். அவன் வாங்கவில்லை. இன்னொருத்தி வீட்டில் தாத்தா ரிட்டயர் ஆகி வந்துவிட்டார். கட்டம் எல்லாம் நிறைந்துவிட்டது. அவளுக்கு நானே சிபாரிசு செய்தேன். மூன்றாவது ஆள் இன்னும் கட்டம் போடவில்லை. இதைப் படித்தால் இன்றைக்கே போட்டுவிடு மச்சி!